பால்பல்லும் வேலிக் குறடும்

1

எங்கள் பாகூர்க்காரர்களுக்கு வாய் மூடாது. ஏரிக்கரையில் இந்தப் பக்கம் ஒருத்தர் பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருத்தர் பதில் சொல்வார். நடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு வாயே திறக்காத பிள்ளை ஒன்று வந்து வாய்த்திருக்கிறது. எல்லா நேரத்திலும் அல்ல, பல் மருத்துவர் முன்னால் மட்டும்.

இதைப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாரீசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கிறது இப்போது நாங்கள் குடியிருக்கிற ஊர். வெளியே எலும்பைக் கடிக்கிற குளிர். இன்று புதன்கிழமை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பக்கத்து நாற்காலியில் என் மகன் கவின் காலை ஆட்டிக்கொண்டு மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆறு வயது. அவனுக்குப் பல் சுத்தம் செய்ய வந்திருக்கிறோம்.

பல் சுத்தம் என்றால் காலையில் வீட்டில் தேய்ப்பது அல்ல. மருத்துவர் நாற்காலியில் சாய்த்துவைத்து, சுற்றுகிற சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாக மெருகேற்றுவது. இதற்கு நேரம் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கே எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டும். ரொந்தேவூ என்பார்கள். ரொந்தேவூ இல்லாமல் யாரையும் பார்க்க முடியாது, இருமக்கூட முடியாதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இலையுதிர் காலத்தில் கேட்டதற்குக் குளிர்காலத்தில் கிடைத்திருக்கிறது.

நாள் கிடைத்தாலும் பெயர் ஒரு தொல்லை. நமக்கு ஏது குடும்பப்பெயர்? என் கணவரின் தாத்தா பெயர் என்றைக்கோ ஒரு சர்க்கார் கச்சேரியில் குடும்பப்பெயராகப் பதிவாகிவிட்டது. அதனால் இங்கே கதவைத் திறந்து வரும் பெண், ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்து, பெரிய மனிதரை அழைப்பதுபோல, "முஸ்யே முனுசாமி" என்று கூப்பிடுவாள். கவின் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அவனைப் பொறுத்தவரை முனுசாமி என்பது எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிற படம்.

இன்னும் கூப்பிடவில்லை. போன கோடையில் இதே இடத்தில் அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு கிடந்தது கண்ணிலேயே நிற்கிறது. இங்கே பெற்றவர்கள் உள்ளே போகக்கூடாது, பிள்ளை தனியாக இருந்தால்தான் சொன்னபடி கேட்கும் என்பது இந்த மருத்துவரின் வழக்கம். அன்று கொஞ்ச நேரத்தில் அவரே வெளியே வந்து என்னை அழைத்துப் போனார். உள்ளே கவின் மல்லாந்து படுத்திருந்தான். வாய் மட்டும் தைத்துவைத்த மாதிரி இருந்தது. நான் பதற்றத்தில் ஏதோ விளக்கப்போய், என் பிரெஞ்சில் அது 'டாக்டர், என் மகன் இன்று கடை மூடியிருக்கிறான்' என்று வந்து விழுந்தது. அவர் நல்ல மனிதர். "எப்போது திறப்பார்கள், மதாம்?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். பிள்ளை அடுத்த முறையும் திறக்கவில்லை என்றால் இங்கே வைத்துச் செய்ய முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பேன். அங்கே முகத்தில் மாஸ்க் வைத்து, லேசாக மயங்கவைக்கிற வாயு கொடுத்துச் சுத்தம் செய்வார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, பாதுகாப்பானதுதான், என்றார். அவருக்குப் பயம் இல்லை. பெற்றவளுக்கு இருக்காதா?

அந்த அடுத்த முறைதான் இன்று.

2

பால்பல்தானே, விழப்போவதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். கேட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஏற்கெனவே எல்லாரும் கேட்டாயிற்று.

கவினுக்கு ஈறு ஓரத்தில் பல்லுக்குப் பல் கறுப்பாக ஒரு கோடு வந்தது. பேனா மையால் வரைந்த மாதிரி மெல்லிசுக் கோடு. சொத்தை அல்ல. சில பிள்ளைகளுக்கு வாயில் இருக்கிற ஒரு வகைக் கிருமியால் இப்படிக் கறை படியுமாம். வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மருத்துவர் மெருகேற்றினால் போய்விடும், சில மாதம் கழித்துத் திரும்பி வரும், மறுபடி எடுக்க வேண்டும். பெரிய பல் வர வர இந்தக் கறை குறைந்துவிடும் என்றும் சொன்னார்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

பள்ளியில் ஒரு பெண் குழந்தை, கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை, "நீ கரி சாப்பிட்டாயா?" என்று கேட்டிருக்கிறது. அவ்வளவுதான். அன்றிலிருந்து கவின் சிரிக்கும்போது கையை வாய்மேல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். அப்புறம் சிரிக்கவே யோசிக்க ஆரம்பித்தான். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது எடுத்த படத்தில் எல்லாப் பிள்ளைகளும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், என் பிள்ளை மட்டும் உதட்டை மடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் படத்தைப் பார்த்து நான் குளியலறையில் போய் அழுதேன். பல்லுக்காக அழுதாளா என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வைத்தியம் வந்து குவிந்தது. உப்புப் போட்டுத் தேய், எலுமிச்சம்பழத் தோலால் தேய், அடுப்புக்கரியை மாவாக இடித்துத் தேய். கறுப்பைப் போக்கக் கறுப்பையே தேய்க்கச் சொன்ன அந்தப் பெரியம்மாவுக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்பதை இங்கே எழுத முடியாது. டாக்டரிடம் பல்லைக் கழுவினால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். அவருக்கு வாயில் மொத்தமே நாலு பல்தான். எதைக் கழுவி இப்படி ஆயிற்று என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

3

அந்தக் கோடைப் பள்ளி விடுமுறைக்கே ஊருக்குப் போனோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் கவினும் மட்டும்.

பாகூரில் எங்களுக்கு எல்லாமே என் தம்பி ஏழுமலைதான். கரும்பும் நெல்லும் போடுகிறான். சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்திருக்கிறான். யானை என்றதும் பயந்துவிடாதீர்கள், நாலு சக்கரச் சின்னச் சரக்கு வண்டி, எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர். ஆறடி உயரம், கம்பளி மாதிரி மீசை, ஊருக்கே கேட்கிற குரல். கரும்பை மடக்கென்று கடித்து இழுத்தால் பட்டை முழ நீளத்துக்கு உரிந்து வரும். கவினுக்கு உலகத்திலேயே பெரிய வீரன் அவன்தான்.

இரண்டு பேருக்கும் பழக்கமெல்லாம் வீடியோ காலில்தான். இங்கே எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு, அங்கே ஏழுமலைக்குச் சாயங்காலம். "இன்னா மாப்ள, சோறு துன்னியா?" என்று அவன் கேட்டால்தான் கவின் சோற்றில் கை வைப்பான். என்னோடு அவன் பேசுகிற தமிழில் பாதி பிரெஞ்சு. மாமாவுக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதால் மாமாவோடு மட்டும் தட்டுத் தடுமாறி முழுத் தமிழில் பேசுவான். என் பிள்ளைக்கு மிச்சம் இருக்கிற தமிழ் அந்தக் கைபேசித் திரைக்குள்தான் இருக்கிறது என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

ஊரில் கவின் நன்றாகத்தான் இருந்தான். வயலுக்குப் போனான், சேற்றில் விழுந்தான், கோழியைத் துரத்தினான். சிரிக்கும்போது மட்டும் கை வாய்க்குப் போனது. அதைக் கவனித்தவள் ஏழுமலையின் மனைவி சுமதி.

"இன்னாக்கா, புள்ள சிரிக்கறப்பகூட வாயப் பொத்திக்குது?"

சொன்னேன். கறையையும் சொன்னேன், மாஸ்க்கையும் சொன்னேன். சுமதி நிறைய யோசிக்கிற ஆள் இல்லை.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறீங்க? வில்லியனூர்ல ஒரு டாக்டரம்மா கீறாங்கக்கா. சின்னப் புள்ளைங்க பல்லுக்குன்னே படிச்சவங்க. என் தங்கச்சி பொண்ணுக்கு அவங்கதான் பாத்தாங்க. இரு, போன் போடறேன்."

போட்டாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, "சாயங்காலம் வரச் சொல்லிட்டாங்க" என்றாள். பிரான்சில் பருவம் மாறுகிறவரை காத்துக் கிடக்கிறவள் நான். எனக்குத் தலை சுற்றியது.

4

எங்கள் பக்கத்தில் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போவது என்றால் தாய் மட்டும் போகிற வழக்கம் இல்லை. ஒரு வண்டி ஆள் போவோம். யாருக்கு என்ன என்று தெரியாதவர்கள்கூட வருவார்கள். குட்டி யானையின் பின்னால் பாய் விரித்துச் சுமதி, அவள் தங்கச்சி, தங்கச்சி பெண், பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். அஞ்சலை அக்கா எதற்கு என்று கேட்டேன். "புள்ளைக்கு டாக்டருகிட்ட பாக்கறாங்க, நான் வூட்ல குந்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

முன்னால் ஏழுமலை ஓட்ட, நானும் என் மடியில் கவினும். கரிக்கலாம்பாக்கம் வரை பையன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் காலடியில் கிடந்த மாமாவின் சாமான் பெட்டியைக் காலால் தள்ளித் திறந்து பார்த்தான். ஸ்பேனர், கம்பிச் சுருள், கயிறு. பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. வெயில் அடித்துவிட்டது என்று நான் தண்ணீரைக் குடிக்கச் சொன்னேன். குடிக்கவில்லை. வாயையே திறக்கவில்லை.

டாக்டரம்மாவின் இடம் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில். செருப்பைக் கழற்றிவிட்டு மொத்தப் பேரும் உள்ளே போனோம். சுவரில் பல்லைக் காட்டி இளிக்கிற முதலைப் படம். டாக்டரம்மா சின்ன வயதுதான், சுடிதாருக்கு மேல் வெள்ளைக் கோட்டு. இத்தனை பேரைப் பார்த்ததும் எங்கே வெளியே போகச் சொல்வாரோ என்று நினைத்தேன். "எல்லாரும் வந்துட்டீங்களா, சந்தோஷம். நிக்கறவங்க ஓரமா நில்லுங்க" என்றார்.

கவினை நாற்காலியில் உட்காரவைத்தேன். உதடு இறுகிவிட்டது. அதே இறுக்கம், அதே முகம். ஸ்ட்ராபெரி வாசனைப் பசையைக் காட்டினார், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரப்பர் பிரஷ்ஷை அவன் நகத்தில் சுற்றிக் காட்டினார், கையை இழுத்துக்கொண்டான். ஓரத்தில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"ஆ காட்டுடா கண்ணு, ஒண்ணியும் பண்ணமாட்டாங்க."

"காட்டுனா சாக்லேட்டு வாங்கித் தரேன்."

"விழற பல்லுக்கு இன்னாத்துக்குமா இதெல்லாம்?" இது அஞ்சலை அக்கா.

டாக்டரம்மா திரும்பினார். "சாக்லேட்டு வேணாம், அதால வர்ற சனிதான் பாதி. அப்புறம் அக்கா, பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிப்பீங்க இல்ல? அந்தத் துண்டுதான் பால்பல்லு. பெரிய பல்லு வர்ற வரைக்கும் அதுதான் எடத்தப் புடிச்சி வெக்குது. துண்டு போயிட்டா சீட்டு போச்சு." அஞ்சலை அக்கா பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட்டே பேர் வாங்கியவர். துண்டுக் கணக்கு அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

பிறகு டாக்டரம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் ஒண்ணுமே பண்ணப் போறதில்ல தம்பி. நீ எதத் தேடற, அத மட்டும் சொல்லு" என்றார். அப்போதுதான் நானே கவனித்தேன். அவன் கண் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. தட்டுக்குக் கீழே, மேசைக்கு அடியில், கோட்டுப் பையில் என்று எதையோ தேடிக்கொண்டிருந்தது.

கவின் என் காதை இழுத்து பிரெஞ்சில் ரகசியமாகக் கேட்டான். முழு வாக்கியமும் பிரெஞ்சு, ஒரே ஒரு சொல் மட்டும் சுத்தமான தமிழ். "அம்மா, அந்தக் *குறடு* எங்கே?"

"எந்தக் குறடுடா?"

"மாமா குறடு. சிகப்பு. வண்டியிலே இருக்கு. டாக்டருக்குக் குடுக்க மாமா எடுத்து வந்தாரு." இப்போது தமிழில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான். "சோறு தின்னலேன்னா, பல் டாக்டர் அதாலே எல்லாப் பல்லும் எடுக்கும். மாமா சொன்னாரு."

அறையில் இருந்த அத்தனை தலையும் ஏழுமலை பக்கம் திரும்பியது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரு வீடியோ கால். கவின் சாப்பிட அடம் பிடித்துக்கொண்டிருந்தான். ஏழுமலை வயலில் வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன், கையிலிருந்த சிவப்புப் பிடி போட்ட குறட்டைத் திரைக்கு நேராகத் தூக்கிக் காட்டி, "வாயத் தொறந்து துன்னல, பல்லு டாக்டரு இத்த வெச்சிதான் ஒவ்வொண்ணா புடுங்குவாரு, தெரியுமா மாப்ள?" என்றான். நானும் சிரித்தேன். தாய்மாமன் மருமகனைக் கிண்டல் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது? நம் வீடுகளில் டாக்டரையும் போலீசையும் பூச்சாண்டியையும் ஒரே வரிசையில் நிறுத்தித்தானே பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறோம். நமக்கு அது கிண்டல் என்று தெரியும். கைபேசித் திரையில் மட்டுமே மாமாவைத் தெரிந்த பிள்ளைக்கு, மாமா சொன்னதெல்லாம் சத்தியம்.

"நான் சும்மா தமாசுக்கு சொன்னதுக்கா" என்றான் ஏழுமலை. அவன் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு விடலாம் போல இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் அவனே அழுதுவிடுவான் போல நின்றான்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அண்ணா, கீழ போய் அந்தக் குறட்ட எடுத்துனு வாங்க" என்றார். கொண்டுவந்தான். அதை வாங்கிக் கவின் கையில் கொடுத்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும். நீ குடுத்தாதான் நான் வாங்க முடியும். சரியா?" கவின் இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டான். "இப்ப எறங்கு. மொதல்ல மாமா உக்காரட்டும்."

"நானா?" என்றான் ஏழுமலை. "எனக்கு இன்னாத்துக்குமா? என் பல்லெல்லாம் நல்லாத்தான் கீது. கரும்பே கடிக்கறேன்."

"இதுவரிக்கும் பல்லு டாக்டருகிட்ட போயிருக்கீங்களா?"

"அய்யோ, போனதில்லம்மா."

"பயமா?"

சுமதிக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. "உக்காருங்க, புள்ள பாக்குதில்ல" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். ஆறடி ஆள், சின்னப்பிள்ளைகளுக்காகப் போட்ட நாற்காலியில் முழங்கால் மேலே துருத்திக்கொண்டு நிற்க மடங்கி உட்கார்ந்தான். நெற்றியில் வியர்வை. அழுக்கு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற சாயம் ஒன்றை டாக்டரம்மா பஞ்சில் தொட்டுப் பல் முழுக்கத் தடவினார். வாய் கொப்பளித்துவிட்டு ஏழுமலை வாயைத் திறந்தான். பல் பூராவும் ரோஸ்.

"செவப்பா இருக்கற எடமெல்லாம் பிரஷ்ஷு போகாத எடம்ணா."

"அப்ப எங்கதான் போயிருக்குது?" என்றாள் சுமதி.

கவின் குறட்டைப் பிடித்தபடியே மெதுவாக நாற்காலிப் பக்கம் நகர்ந்தான். மாமாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். மிஷின் விர்ரென்று ஓடியதும் மாமாவின் கால் கட்டைவிரல் நெளிந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு என்ன தோன்றியதோ, குறட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மாமாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, மூக்காலே மூச்சு விடு. மெதுவா. வலி வந்தா கை தூக்கு. டாக்டர் நிறுத்தும்."

இது பிரான்சில் அந்த மருத்துவர் அவனிடம் சொன்னது. அன்றைக்கு ஒன்றுமே காதில் ஏறவில்லை என்று நினைத்தேன். அத்தனையும் கேட்டு வைத்திருக்கிறான். அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே தமிழாக்கியிருக்கிறான்.

ஏழுமலை எழுந்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கல்யாணத்தன்னிக்குக்கூட இப்டி இருந்ததில்ல" என்றான். அவன் எழுந்த சூட்டோடு கவின் நாற்காலியில் ஏறினான். யாரும் சொல்லவில்லை. குறட்டை என்னிடம் நீட்டினான். "அம்மா, நீ வச்சுக்கோ. டாக்டர் கேட்டா குடுக்காதே."

சாய்ந்து படுத்து வாயைத் திறந்தான். ஓரத்தில் நின்ற அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிரஷ் சுற்றியது, தண்ணீர் பீச்சியது, குழாய் எச்சிலை உறிஞ்சியது. கறுப்புக் கோடு ஒவ்வொன்றாகக் கரைந்து போனது. டாக்டரம்மா எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்து, ஒரு சொத்தைகூட இல்லை என்றார். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் கவின் பல்லைப் பார்த்தான். சுவரில் இருந்த முதலையைப் பார்த்தான். அதே மாதிரி இளித்தான். கை வாய்க்குப் போகவில்லை.

அதற்கப்புறம் அஞ்சலை அக்கா முந்தானையைச் சொருகிக்கொண்டு, "எனக்கும் ஒருதபா பாத்துடும்மா" என்றார்.

5

திரும்பி வரும்போது ஏழுமலை வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னிடம், "இனிமே போன்ல கிண்டலே பண்ணமாட்டேங்க்கா" என்றான். அந்தக் கோபத்தில் நானும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். கொஞ்ச நாள் இந்த வீடியோ காலையே நிறுத்திவைத்தால் என்ன என்றுகூட நினைத்தேன். ஆனால் நிறுத்தினால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? பயத்தைக் கொடுத்ததும் அந்தப் போன்தான், குறடு என்ற சொல்லைக் கொடுத்ததும் அந்தப் போன்தான். "கிண்டல் பண்ணு. குறட்டத் தூக்காத" என்றேன்.

குறட்டைக் கவின் திருப்பித் தர மறுத்துவிட்டான். ஊரில் விட்டுவிட்டுப் போனால் யாராவது டாக்டரிடம் கொடுத்துவிடுவார்களாம். முறுக்கு, மிளகாய்த்தூள், ஊறுகாய் எல்லாவற்றுக்கும் நடுவில் அது பெட்டியில் ஏறி பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. இப்போது எங்கள் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு படுத்திருக்கிறது. என் கணவர், அரிவாள்மணைதான் பாக்கி, அடுத்த முறை அதையும் கொண்டுவந்துவிடு என்கிறார்.

ஆனால் கறை திரும்பி வந்துவிட்டது. வரும் என்று சொல்லித்தான் இருந்தார்கள். போன மாதம் ஒருநாள் சிரிக்கும்போது கவினின் கை மெல்ல வாய்ப்பக்கம் போனதைப் பார்த்தேன். இங்கே வில்லியனூர் இல்லை, ஒரு வண்டி ஆள் இல்லை, முன்னால் உட்கார மாமா இல்லை.

கதவு திறக்கிறது. "முஸ்யே முனுசாமி" என்கிறாள் அந்தப் பெண்.

6

வீட்டுக்கு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

கவின் எழுந்து இரண்டடி போனவன் நின்று, என் கையைப் பிடித்து இழுத்தான். பெற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். அவன் கையை விடவில்லை. மருத்துவர் எட்டிப் பார்த்து, சரி, வரட்டும் என்று தலையசைத்தார்.

நாற்காலியில் ஏறிப் படுத்தான். மருத்துவர் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்தார். உதடு மூடிக்கொண்டது. மாஸ்க்கும் பெரிய ஆஸ்பத்திரியும் கண்முன்னே வந்து நின்றன. மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது கவின், மருத்துவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று பிரெஞ்சில் சொன்னான். என்னைப் பார்த்துத் தமிழில், "அம்மா, மாமாவுக்குப் போன் போடு" என்றான்.

போட்டேன். பாகூரில் மத்தியானம் தாண்டியிருக்கும். திரை பூராவும் கரும்புத் தோகை, நடுவில் மீசை.

"இன்னா மாப்ள, இந்நேரத்துல?"

"மாமா, ஆ காட்டு."

ஒரு கேள்வி கேட்கவில்லை என் தம்பி. பின்னால் யாரோ ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நின்று வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான். கவின் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மேல் பல், கீழ்ப் பல், பின்னால். அப்புறம் போனை மருத்துவரிடம் நீட்டி, நீங்களும் பாருங்கள் என்றான். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, குனிந்து, என் தம்பியின் கடைவாய்ப் பல்வரை நிதானமாகப் பார்த்தார். "மிக நன்றாக இருக்கிறது, முஸ்யே" என்றார். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லாமல் போனை என் கையில் தந்தார். அவர் நல்ல மனிதர் என்று சும்மா சொல்லவில்லை.

"மாமா, கை?"

ஏழுமலை போனை யாரிடமோ கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். காலி. புதுக் குறடு ஒன்று நீலப் பிடியோடு அவன் கைலி மடிப்பில் எட்டிப் பார்த்தது எனக்கு மட்டும் தெரிந்தது. போனைச் சட்டென்று என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கட் பண்ணாதே அம்மா" என்றான் கவின். சாய்ந்து படுத்தான். கண்ணை மூடினான். வாயைத் திறந்தான்.

பிரஷ் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பாதி முடிந்திருக்கும். கையில் இருந்த போனிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. திருப்பிப் பார்த்தால், கரும்புக் கொல்லையில் என் தம்பி இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, முஞ்சிதா? எனுக்கு தாவாக்கட்ட வலிக்குது."

நாற்காலியில் கவின் குலுங்கினான். மருத்துவர் பிரஷ்ஷை வெளியே எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வாய் நிறையப் பசை, கன்னமெல்லாம் எச்சில். என் பிள்ளை இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்தான்.